ஒரே குவாரி, வேறு வேறு ஆயுள்: கட்டடச் சுண்ணாம்புக்கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி

கட்டடத்துக்குச் சுண்ணாம்புக்கல் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கல் நல்லது?" என்றுதான். போர்ட்லண்டா, பாத்தா, கோட்டாவா, ஜெய்சல்மரா என்று பெயரைப் பிடித்துக்கொள்வோம். பெயர் தெரிவதால் பாதி வேலைகூட முடியாது. ஒரே குவாரியில், கண்ணெதிரே தெரியும் ஒரே பாறை முகத்தில், மேல் அடுக்கில் வெட்டிய கல் முந்நூறு வருஷம் மழையில் நிற்கும், அதற்குச் சற்றுக் கீழே வெட்டியது சில பத்தாண்டுகளில் மாவாக உதிரத் தொடங்கும். வெட்டின அன்றைக்கு இரண்டும் ஒரே நிறம், ஒரே விலை.

இதற்கு லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. 1834இல் பழைய கட்டடம் தீயில் எரிந்துபோனது. புதிதாகக் கட்டக் கல் தேட ஒரு குழு போட்டார்கள். அதில் கட்டடக்கலைஞர் சார்லஸ் பாரி, இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வரைந்த வில்லியம் ஸ்மித், நிலவியலாளர் டி லா பெச், சிற்பி சார்லஸ் ஸ்மித் ஆகிய நால்வர். நாடு முழுக்கக் குவாரிகளையும் பழைய தேவாலயங்களையும் சுற்றிப் பார்த்து 1839இல் அறிக்கை கொடுத்தார்கள். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது, சவுத்வெல் மின்ஸ்டர் எனும் பழைய தேவாலயத்தில் அந்த வகைக் கல் நூற்றாண்டுகள் தாண்டியும் உளி பட்ட தடத்தோடு நிற்பதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆனால் குழு முதலில் பரிந்துரைத்த குவாரியில் பெரிய கற்கள் கிடைக்காததால் யார்க்‌ஷயரின் ஆன்ஸ்டன் குவாரிக்கு மாறினார்கள். குவாரியிலேயே நின்று எந்தக் கல் போகலாம், எது போகக்கூடாது என்று பிரித்து அனுப்ப ஆள் போடவில்லை. கட்டி முடிப்பதற்குள்ளேயே கற்கள் பொரிந்து விழ ஆரம்பித்து, 1861இல் அதை விசாரிக்கவே இன்னொரு குழு உட்கார வேண்டியதாயிற்று. கடைசியில் 20ஆம் நூற்றாண்டில் ரட்லண்டின் கிளிப்‌ஷம் கல்லைக் கொண்டுவந்து பெரும்பகுதியை மாற்றினார்கள்.

இதே ஆன்ஸ்டன் கல்லால், இதே காலத்தில், அதே லண்டன் புகைக்குள் ஜெர்மின் தெருவில் ஒரு நிலவியல் அருங்காட்சியகம் கட்டினார்கள். அது நன்றாகவே இருந்தது. கல்லைப் பொறுக்கி எடுத்ததில்தான் வித்தியாசம். எனவே இந்த வழிகாட்டி முழுக்க, பொறுக்கி எடுப்பதைப் பற்றியது.

படி 1: கல் எதனால் ஆனது, எது அதைக் கரைக்கிறது

சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். பழைய கடலடியில் சிப்பித் துண்டுகள், ஊலைட் எனப்படும் மீன் முட்டை போன்ற குட்டி மணிகள், சுண்ணாம்புச் சேறு எல்லாம் படிந்து, பிறகு அவற்றுக்கு இடையே கால்சைட் வளர்ந்து ஒட்டிக் கல்லானது. மணி எவ்வளவு, சேறு எவ்வளவு, ஒட்டும் கால்சைட் எவ்வளவு, களிமண் எவ்வளவு, மிச்சம் இருக்கும் வெற்றிடம் எப்படிப்பட்டது என்பவை அடுக்குக்கு அடுக்கு மாறும். கடல் ஒரு வருஷம் போல இன்னொரு வருஷம் இருப்பதில்லை, அவ்வளவுதான் காரணம்.

அழிவு மூன்று வழியில் வரும். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி மேற்பரப்பை மெதுவாகக் கரைப்பது ஒன்று. நிலக்கரிப் புகையின் கந்தக டைஆக்சைடு கால்சைட்டை ஜிப்சமாக மாற்றுவது இன்னொன்று. ஜிப்சம் தண்ணீரில் கால்சைட்டைவிடப் பல மடங்கு கரையும், இடமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடிக்கும். மழை நேராக அடிக்கும் இடத்தில் அது கழுவிக்கொண்டு போய்விடும், கல் வெள்ளையாகத் தெரியும். மழை படாத ஓரங்களில் கரியோடு சேர்ந்து கறுப்புப் பொருக்காகத் தங்கி, ஒருநாள் அடியிலுள்ள கல்லையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். மூன்றாவது, உப்பும் உறைபனியும் நுண்துளைக்குள் புகுந்து உள்ளிருந்து உடைப்பது. நம் ஊரில் உறைபனி இல்லை, ஆனால் ஓதம் ஏறி உப்பு பூத்த சுவரைப் பார்க்காதவர் யார்? அதே வேலைதான் அங்கும் நடக்கிறது. மக்னீசியம் உள்ள கல்லில் இது இன்னும் மோசம். கந்தகப் புகை பட்டால் மக்னீசியம் சல்ஃபேட் உருவாகும், அது சுலபமாகக் கரைந்து துளைக்குள் போய் மறுபடி மறுபடி படிகமாகி, கல்லைக் குழிகுழியாக அரித்துவிடும். நாடாளுமன்றக் கல்லுக்கு நடந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

படி 2: எந்த அடுக்கு என்று கேளுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தெற்கு இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவையே எடுத்துக்கொள்ளலாம். சுமார் 15 கோடி வருஷம் பழைய கல். வியாபாரத்தில் எல்லாமே போர்ட்லண்ட் கல்தான், ஆனால் குவாரிக்காரர்கள் மூன்று பெயர் சொல்வார்கள். மேலே ரோச், அதற்குக் கீழே விட்பெட், எல்லாவற்றுக்கும் கீழே பேஸ்பெட்.

ரோச்சைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றாது. உடம்பெல்லாம் ஓட்டை. கரைந்துபோன சிப்பிகளும் திருகுச் சங்குகளும் விட்டுச்சென்ற அச்சு அது, விரல் நுனி நுழையும் அளவுக்குக்கூட இருக்கும், உள்ளே திருகாணி போல ஒரு சுருள் நிற்கும். ஆனால் லைம் ரீஜிஸ் துறைமுகத்தில் கோப் எனும் அலைதடுப்புச் சுவரில் அலையையும் உப்பையும் வாங்கிக்கொண்டு நிற்பது இந்த ரோச்தான். விட்பெட்டில் ஊலைட் மணிகளோடு சிப்பித் துண்டுகள் ஆங்காங்கே இருக்கும். லண்டனின் வெளிச்சுவர்களில் பேர்பெற்றது இது. பேஸ்பெட் ஒரே சீராக, சிப்பி குறைவாக, வெண்ணிறமாக இருக்கும், உளிக்கு நன்றாக வளையும், சிற்பிகளுக்குப் பிடித்தது. அழகில் முதலிடம் அதற்குத்தான், ஆனால் மழை நேராக அடிக்கும் இடத்தில் விட்பெட் அளவுக்குத் தாங்காது என்பது குவாரிக்காரர்களின் நெடுங்காலக் கணிப்பு. சில குவாரிகளின் பேஸ்பெட் சோதனையில் நன்றாகவே தேறுவதும் உண்டு, அதனால் அடுக்கின் பெயரோடு நின்றுவிடாமல் குவாரியையும் கேட்க வேண்டும்.

ஓட்டை நிறைந்த ரோச் எப்படித் தாங்குகிறது? பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. பெரிய ஓட்டை ஆபத்தில்லை. தண்ணீர் வரும், வடியும், காயும். ஆயிரத்தில் சில பங்கு மி.மீ. அளவுள்ள நுண்துளைகள்தாம் தண்ணீரை உறிஞ்சி லேசில் விடாமல் பிடித்துக்கொள்கின்றன, பக்கத்துத் துளையில் வளரும் உப்புப் படிகத்துக்கு விடாமல் கரைசலை ஊட்டுகின்றன. எனவே மொத்தம் எவ்வளவு வெற்றிடம் என்பதைவிட, அதில் எத்தனை பங்கு நுண்ணியது என்பதுதான் கல்லின் ஆயுளைச் சொல்லும்.

மால்டா தீவில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். அங்கே வீடு, கோயில், கோட்டை எல்லாம் குளோபிஜெரினா எனும் தேன்நிறச் சுண்ணாம்புக்கல்லில் கட்டியவை. அதில் ஃப்ராங்கா, சொல் என்று இரண்டு ரகம். ஒன்று நன்றாக நிற்கும், மற்றது சில பத்தாண்டுகளில் பொடியாக உதிர்ந்து உள்ளே குழிந்துவிடும். வெட்டியதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அனுபவம் இல்லாதவரால் பிரிக்கவே முடியாது. ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் சொல் ரகத்தில் களிமண் கூடுதல், மொத்த வெற்றிடம் குறைவு, ஆனால் நுண்துளைகளின் பங்கு அதிகம். வெற்றிடம் குறைவாக இருக்கிறதே, கெட்டியான கல்லாச்சே என்று எண்ணி வாங்கினால் கதை முடிந்தது.

ஆக்ஸ்ஃபர்டில் ஹெடிங்டன் கல்லுக்கும் இதே கதை. அங்கே ஹார்ட்ஸ்டோன் எனும் கெட்டி ரகமும் ஃப்ரீஸ்டோன் எனும் மென் ரகமும் கிடைத்தன. சுவரின் அடிவரிசைக்குக் கெட்டிக் கல், மேலே மென்கல் என்று கல்லூரிகளைக் கட்டினார்கள். நிலக்கரிப் புகையில் மேலே உள்ளது கொப்புளித்து உரிந்துபோக, தரையோடு ஒட்டிய அடிவரிசை அப்படியே நின்றது. பிற்பாடு வேறு கற்களால் அந்தச் சுவர்களின் முகத்தையே மாற்ற வேண்டி வந்தது.

ஆகவே கல் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் குவாரி, எந்த அடுக்கு, குவாரியின் எந்தப் பக்கம் வெட்டியது. மூன்றுக்கும் பதில் எழுத்தில் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

படி 3: முன்பே நிற்கும் கட்டடத்தைப் போய்ப் பாருங்கள்

எந்த ஆய்வுக்கூடத்தையும்விட இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். அதே அடுக்கில், அதே மாதிரி காற்றில், ஐம்பது வருஷமாவது நிற்கும் கட்டடம் ஒன்றின் முகவரி கேளுங்கள். போனதும் முகப்பைப் பார்க்காதீர்கள். மழை அதிகம் அடிக்கும் மூலை, கைப்பிடிச் சுவரின் தலைக்கல், ஜன்னலின் அடிக்கல், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உள்ள பகுதி, இவற்றைப் பாருங்கள். உள்ளங்கையால் தேய்த்தால் மாவு ஒட்டுகிறதா? விரல் முட்டியால் தட்டினால் பொத்தென்று கேட்கிறதா?

போர்ட்லண்ட் கல்லில் இன்னொரு வசதி உண்டு. சிப்பி ஓடுகள் பெரிய கால்சைட் படிகங்களால் ஆனவை, சுற்றியுள்ள மணிகளைவிட மெதுவாகக் கரையும். அதனால் பழைய கல்லில் சிப்பியின் விளிம்பு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். வெட்டிய நாளில் எல்லாம் சமமட்டம், எனவே சிப்பி எவ்வளவு தூக்கி நிற்கிறதோ அவ்வளவு கல் போயிருக்கிறது. நகத்தால் தடவினாலே தெரியும்.

லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைத்தது. மேலே கைப்பிடிச் சுவரில் தலைக்கற்களின் துளைகளை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயம் ஊற்றி மட்டமாக அடைத்திருந்தார்கள். ஈயம் கரையவில்லை, கல் கரைந்தது. 1980 வாக்கில் அளந்தபோது ஈயம் சுமார் 2 செ.மீ. தூக்கி நின்றது, அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 0.08 மி.மீ. அப்போதிலிருந்து கருவி வைத்துத் தொடர்ந்து அளந்தார்கள். 1980களில் வருஷத்துக்கு 0.05 மி.மீ.க்கு அருகில் இருந்த தேய்மானம் 1990களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நகரத்துக் காற்றில் கந்தகப் புகை குறைந்ததுதான் காரணம், ஆற்றுக்கு எதிர்க்கரையில் இருந்த பேங்க்சைடு மின் நிலையமே 1981இல் மூடப்பட்டது. கல் அதேதான், காற்று மாறியதும் வேகம் மாறியது. அதனால் பழைய கட்டடத்தைப் பார்த்துக் கணக்குப் போடும்போது அது எந்தக் காற்றில் நின்றது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படி 4: கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும். முதலில் கல்லை நனையுங்கள். காய்ந்த கல்லில் மறைந்திருக்கும் களிமண் கோடுகளும் முடிக் கீறல்களும் ஈரத்தில் கருமையாகத் தெரியும், ஏனென்றால் அந்த இடம் கடைசியாகத்தான் காயும். கோடு கல்லின் முகத்துக்கு இணையாக, முகத்தை ஒட்டி ஓடினால் அந்தக் கல்லைத் தள்ளிவையுங்கள்.

காய்ந்த பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் ஒரே கல்லின் வெவ்வேறு இடங்களில் வேகம் ரொம்ப மாறினால் அந்தக் கல் சீராக இல்லை என்று அர்த்தம், அது சீராகத் தேயவும் போவதில்லை. சுத்தியலால் தட்டினால் கணீரென்று வர வேண்டும். லென்ஸில் மணிகளுக்கு இடையே கண்ணாடி போல் மின்னும் கால்சைட் தெரிந்தால் நல்லது. மங்கலான சுண்ணாம்புச் சேறு மட்டுமே தெரிந்தால் நுண்துளை அதிகம் இருக்க வாய்ப்புண்டு, சோதனைக்கு அனுப்பாமல் வாங்காதீர்கள்.

நம் வீடுகளில் தரைக்கும் அடுப்பங்கரைக்கும் போடும் கடப்பா, கோட்டா, ஷாஹாபாத் கற்களும் சுண்ணாம்புக்கல்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவை மிக அடர்த்தியானவை, துளை மிகக் குறைவு, அதனால் உப்பும் ஓதமும் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ சிந்தினால் பளபளப்பு போய் வெளிறிய திட்டு விழும். அதே கால்சைட், அதே அமிலம்.

படி 5: சோதனை அறிக்கையைச் சரியாகப் படியுங்கள்

அறிக்கையின் முதல் பக்கத்தில் அமுக்க வலிமை பெரிய எழுத்தில் இருக்கும். அதைத் தாண்டிப் போங்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கும் மழையில் எத்தனை காலம் நிற்கும் என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

பார்க்க வேண்டியது உப்புப் படிகச் சோதனை. பிரிட்டிஷ் முறையில் 40 மி.மீ. கனசதுரங்களைச் சோடியம் சல்ஃபேட் கரைசலில் ஊறவைத்து, அடுப்பில் காயவைத்து, இப்படி 15 சுற்று செய்து, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். ஒரு சதவீதத்துக்குள் இழந்தால் முதல் தரம், 35 சதவீதத்துக்கு மேல் இழந்தால் அது மழைக்கு லாயக்கில்லை, சில கற்கள் 15 சுற்று முடியும் முன்பே சிதறிவிடும். அடுத்து, நிறைவுக் கெழு. குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் மொத்த வெற்றிடத்தில் எத்தனை பங்கு தண்ணீரால் நிரம்புகிறது என்பதே அது. அதிகம் நிரம்பினால், உறைபனி வரும் ஊரில் பனிக்கட்டி விரிய இடம் இருக்காது. மொத்த வெற்றிடம் மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. போர்ட்லண்ட் கல்லிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம்தான்.

அப்புறம் மிக முக்கியமானது. சராசரியைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு கனசதுரத்தின் எண்ணையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஐந்தில் நான்கு 2 சதவீதம் இழந்து ஒன்று மட்டும் 30 இழந்தால் சராசரி 7.6 என்று மரியாதையாகத் தெரியும், ஆனால் உங்கள் சுவரில் ஐந்துக்கு ஒரு கல் உதிரும் என்று அந்த அறிக்கை சொல்கிறது. மாதிரிக் கற்கள் உங்களுக்கு வரப்போகும் அதே அடுக்கிலிருந்து அண்மையில் வெட்டியவையா என்பதையும் உறுதி செய்யுங்கள். குவாரி உள்ளே போகப் போக அடுக்கு மாறும், பத்து வருஷத்துக்கு முந்திய அறிக்கை வேறு கல்லைப் பற்றியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: எந்தக் கல்லுக்கு எந்த இடம்

நல்ல கல் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், எனவே பங்கிட வேண்டும். பிரிட்டிஷ் வழக்கத்தில் கட்டடத்தை நான்காகப் பிரிப்பார்கள். தரையும் படிக்கட்டும்தான் மிகக் கடுமை, ஈரம் அங்கே தங்கும். அடுத்து, மேலிருந்து நனையும் தலைக்கல், கொடுங்கை, புகைபோக்கி. மூன்றாவது, அடிவரிசை, மூலைக்கல், ஜன்னல் அடிக்கல். கடைசியாக, மேலே மறைப்புள்ள வெறும் சுவர். சோதனையில் நடுத்தரமாக வந்த கல்லை வீணாக்க வேண்டாம், வெறும் சுவரில் அது நன்றாக நிற்கும்.

கடல் காற்றடிக்கும் ஊர் என்றால் ஒரு படி கூடுதல் தரம் கேளுங்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவர்களிலும் யாழ்ப்பாணக் கோட்டையிலும் உள்ள பவளக்கல் இதே கால்சியம் கார்பனேட் குடும்பம்தான். அவற்றைச் செப்பனிடும்போது உப்பு எப்போதும் உள்ளே இருக்கிறது என்ற கணக்கோடுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

படி 7: அடுக்கைப் படுக்கவைத்துக் கட்டுங்கள்

கல் கடலடியில் எப்படிப் படுத்திருந்ததோ, சுவரிலும் அப்படியே படுக்க வேண்டும். நிமிர்த்தி, அடுக்கு வெளிமுகத்துக்கு இணையாக வரும்படி வைத்தால், மேலே பாரம் இல்லாத பக்கம் ஏடு ஏடாக உரியும். வளைவுக் கற்களில் அடுக்கு ஆரத்தின் திசையில் இருக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொடுங்கையில் அடுக்கு நிமிர்ந்து, முகத்துக்குக் குறுக்காக நிற்க வேண்டும். அறுத்த பிறகு அடுக்கின் திசை கண்ணுக்குத் தெரியாது. எனவே குவாரியிலேயே ஒவ்வொரு கல்லிலும் மேல்பக்கத்தைக் குறியிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

புதிதாக வெட்டிய கல்லில் குவாரி ஈரம் இருக்கும். உளி வேலை அப்போது சுலபம், ஆனால் அந்த ஈரத்தோடு உறைபனியில் விட்டால் வெடிக்கும், அதனால் காயும்வரை காத்திருந்துதான் சுவரில் வைக்க வேண்டும். இங்கிலாந்தின் பாத் கல் போல நிலத்தடியில் வெட்டும் கல்லுக்கு இந்தக் காத்திருப்பு கட்டாயம்.

படி 8: சாந்தும் அக்கம்பக்கமும்

கல்லைவிடக் கெட்டியான சிமென்ட் சாந்து வேண்டாம். ஈரம் இணைப்பு வழியாக வெளியேற வழியில்லாமல் கல் வழியாகவே போகும், உப்பும் அங்கேயே படியும், சில வருஷங்களில் சாந்து மட்டும் வலைபோல் நீட்டிக்கொண்டு நிற்கக் கல் உள்ளே போய்விடும். சுண்ணாம்புச் சாந்து போடுங்கள், அது தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். சுண்ணாம்புக்கல்லிலிருந்து வழியும் தண்ணீர் கீழே உள்ள மணற்கல்லைக் கெடுக்கும், மக்னீசியச் சுண்ணாம்புக்கல்லும் சாதாரணச் சுண்ணாம்புக்கல்லும் ஒன்றன்மேல் ஒன்று இருந்தாலும் அதே தொல்லை. இரும்புக் கொக்கி துருப்பிடித்தால் கல்லைப் பிளந்துவிடும், துருப்பிடிக்காத எஃகு பயன்படுத்துங்கள்.

பழைய கட்டடத்தில் சில கற்களை மட்டும் மாற்றுவதாக இருந்தால், புதுக் கல்லின் நிறம் ஒத்துப்போகிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள், மழை சில வருஷங்களில் அதைச் சரிசெய்துவிடும். நுண்துளை அமைப்பு ஒத்துப்போகிறதா என்பதை முதலில் பாருங்கள். பக்கத்துக் கல்லைவிடப் புதுக் கல் ரொம்ப அடர்த்தியாக இருந்தால் ஈரம் முழுக்கப் பழைய கல்லுக்குத் திரும்பி, நீங்கள் காப்பாற்ற நினைத்ததே முதலில் போகும். எந்த இடத்தில் எந்தக் குவாரியின் எந்த அடுக்கைப் போட்டீர்கள் என்பதைச் சுவரின் வரைபடத்திலேயே குறித்து, அதே கல்லில் இரண்டு மாதிரித் துண்டுகளை ஈரம் படாத அறையில் எடுத்துவையுங்கள். ஐம்பது வருஷம் கழித்து அந்தச் சுவரைச் செப்பனிட வருபவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.